மரத்தைச் சுற்றி ஒரு நாடா

பள்ளிக் கணக்குகள் பெரும்பாலும் விட்டத்தைக் கொடுத்துவிட்டுச் சுற்றளவைக் கேட்கும். எனக்கு அதில் நெடுநாள் மனக்குறை. நிற்கிற மரத்தின் விட்டத்தை யார் எனக்குச் சொல்லப்போகிறார்கள்? அளவுகோலை உள்ளே செருகவா முடியும்? தூணோ குழாயோ, சுற்றித்தான் அளக்க வேண்டியிருக்கிறது. அதனால் வெளியே கிளம்பும்போது தையல் நாடா ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். தடித்த மரம் எதுவும் என்னிடமிருந்து தப்புவதில்லை.

சுற்றளவைப் பை (π, ஏறத்தாழ 3.14) என்ற எண்ணால் வகுத்தால் விட்டம். மனக்கணக்குக்கு என் வழி வேறு: மூன்றால் வகுத்து, வந்ததில் 22-ல் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். நாடா 132 சென்டிமீட்டர் காட்டினால், மூன்றில் ஒரு பங்கு 44. அதில் 22-ல் ஒரு பங்கு 2. விட்டம் 42 சென்டிமீட்டர். 22/7-ஆல் வகுத்தாலும் இதேதான் வரும்.

இப்படி வகுப்பதில் ஒரு லாபம் உண்டு. நாடா 3 மில்லிமீட்டர் பிசகினாலும் விட்டத்தில் பிசகு சுமார் 1 மில்லிமீட்டர்தான். பிழையும் சேர்ந்து வகுபட்டுவிடுகிறது. விட்டத்திலிருந்து சுற்றளவுக்குப் போனால் அதே பிழை மூன்று மடங்குக்கு மேல் பெருகும். வனத்துறையினர் கையாளும் விட்ட நாடாவில் வகுக்கும் வேலையே இல்லை. ஏறத்தாழ 3.14 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, அதை 1 சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். சுற்றியதும் விட்டத்தைப் படித்துக்கொள்ளலாம்.

22/7-ஐ இளக்காரம் செய்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு மீட்டர் விட்டத்துக்கு அது சுற்றளவில் 1.3 மில்லிமீட்டர்தான் கூட்டிச் சொல்கிறது. மரப்பட்டையின் சொரசொரப்பே அதைவிட அதிகம். ஆனால் பை = 22/7 என்று சமக்குறி போடுவதை என்னால் பொறுக்க முடியாது. ஆர்க்கிமிடீஸ் 96 பக்கப் பலகோணங்களை வைத்து, பை 223/71-ஐவிடப் பெரிது, 22/7-ஐவிடச் சிறிது என்றுதான் நிறுவினார். ஆரியபட்டரும் 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்றளவு என்று சொன்னபோது, அது தோராயம் என்பதை மறக்காமல் சேர்த்தார்.

சரி, மரம் எங்கே வட்டமாக இருக்கிறது? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. உட்குழிவு இல்லாத எந்த வடிவமானாலும், எல்லாத் திசைகளிலும் அதன் அகலத்தை அளந்து சராசரி எடுத்துப் பையால் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும் என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷியின் தேற்றம். ஆகவே கோணல் மரத்தில் நாடா தருவது அகலங்களின் சராசரி. ஒரே ஒரு பக்கம் பார்த்து எடுத்த அகலத்தைவிட அதை நம்பலாம்.

அந்த எண்ணை வைத்துக் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிடும்போதுதான் வம்பு. ஒரே சுற்றளவுக்குள் மிக அதிகப் பரப்பை அடைப்பது வட்டம். எனவே கோணல் மரத்துக்கு விடை எப்போதும் கூடுதலாகவே வரும். அடிமரத்தில் பள்ளம் இருந்தால் நாடா அதற்குள் இறங்காமல் நேராகத் தாண்டிவிடும்; மிகை இன்னும் ஏறும். மரம் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விற்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.