1.75 கிலோ புள்ளயப் பாக்க வர்றவங்களுக்கு

புள்ள பொறந்துருக்குன்னு போன் போட்டா நம்மூர்ல வரிசையா ரெண்டு கேள்விதான் வரும், ஒன்னு ஆணா பொண்ணா, ரெண்டாவது வெயிட்டு எவ்ளோ. என் தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்தப்ப ரெண்டாவது கேள்விக்கு 1.75ன்னு சொன்னவுடனே அந்தப் பக்கம் ஒரு செகண்டு சத்தமே இருக்காது, அப்புறம் ஒன்னு "அய்யய்யோ"ன்னு வரும், இல்லாட்டி "எங்க பெரியப்பா உள்ளங்கை அளவுதான் பொறந்தாராம், எம்பது வயசு வரைக்கும் இருந்தாரு"ன்னு கதை வரும். ரெண்டாலயும் எங்களுக்கு ஒரு புண்ணியமும் இல்ல. ஒருத்தராவது எத்தனாவது வாரத்துல பொறந்துச்சுன்னு கேட்டிருக்கணும், கேக்கல. டாக்டர் முதல்ல கேட்டது அதத்தான்.

2.5 கிலோவுக்குக் கீழ பொறந்தா எடை குறைஞ்ச குழந்தைன்னு கணக்கு. இந்தியாவுல எடை பாத்த குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட 18 சதவீதம் இப்படித்தான்னு 2019-21ல எடுத்த குடும்ப நல சர்வே சொல்லுது, அதனால இது ஏதோ நம்ம வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை இல்ல. ஆனா இந்தக் கூட்டத்துக்குள்ளயே ரெண்டு வகை இருக்கு. ஒன்னு மாசம் நிறையாம முன்னாடியே பொறந்தது, இன்னொன்னு மாசம் நிறைஞ்சும் வயித்துக்குள்ள வளராமப் போனது. எங்க வீட்டுப் பாப்பா 33 வாரம், அந்த வாரத்துக்கு 1.75 ஓரளவு சரியான எடைதான். அதே 1.75 மாசம் நிறைஞ்ச ஒரு 39 வாரத்துக் குழந்தைக்குன்னா கதையே வேற, தாய்க்கு பிபி இருந்துச்சா, நச்சுக்கொடி வழியா ரத்தம் சரியாப் போகலயான்னு யோசிப்பாங்க. முன்னாடியே பொறந்ததுக்கு நுரையீரல்தான் பெரிய பயம். வளராம பொறந்ததுக்கு சர்க்கரை இறங்கிடும், உடம்பு சீக்கிரம் குளுந்துடும்.

நுரையீரல் விஷயத்துக்கு ஒரு பழைய சம்பவம் சொல்றேன். 1963 ஆகஸ்டுல அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு பையன் பொறந்தான், பேட்ரிக்னு பேரு, அஞ்சரை வாரம் முன்னாடியே வந்துட்டான், எடை 2.1 கிலோ. எங்க பாப்பாவ விட கனமான புள்ள, ஜனாதிபதி வீட்டுப் புள்ள, அந்த நாட்டுல இருந்த பெரிய டாக்டருங்க எல்லாம் பக்கத்துல நின்னாங்க, 39 மணி நேரத்துல மூச்சுத் திணறி போயிட்டான். நுரையீரல் சுருங்கி ஒட்டிக்காம இருக்க உள்ள ஒரு வழுவழுப்பான திரவம் ஊறணும், மாசம் நிறையாத குழந்தைக்கு அது போதுமான அளவு ஊறி இருக்காது. இன்னைக்கு அந்த மாதிரி குழந்தைய நம்ம மாவட்ட ஆஸ்பத்திரியில மூக்குல காத்து அழுத்துற மெஷின் வச்சே பெரும்பாலும் காப்பாத்திடுறாங்க. அதுக்கும் முன்னாடி ஒரு ஊசி இருக்கு. நியூசிலாந்துல லிகின்ஸ், ஹோவின்னு ரெண்டு டாக்டருங்க 1972ல எழுதுனது, சீக்கிரம் பிரசவம் ஆகிடும்னு தெரிஞ்சா தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டா குழந்தையோட நுரையீரல் வேகமா முதிர்ந்துடும்னு. நம்மூர்ல டெக்ஸா ஊசிம்பாங்க, 12 மணி நேரத்துக்கு ஒன்னுன்னு நாலு ஊசி. என் தங்கச்சிக்கு நாலும் போட நேரம் கிடைச்சதுக்குக் காரணம் பனிக்குடம் லேசா கசிஞ்ச ராத்திரியே கிளம்பிட்டா, விடியட்டும் பாக்கலாம்னு அவ மாமியார் சொன்னதக் காதுல வாங்கல. இன்னொன்னு, குழந்தைங்களுக்குன்னு தனி வார்டு இருக்குற ஆஸ்பத்திரிக்கே நேரா போனா. பொறந்த பிறகு ஆம்புலன்ஸ்ல அந்தத் துளி உசுரத் தூக்கிட்டு ஓடுறத விட அது வயித்துல இருக்கும்போதே போய்ச் சேர்றது எவ்வளவோ மேல்.

அடுத்தது குளிரு. நம்ம வெயிலூர்ல என்ன குளிருன்னு சிரிக்காதீங்க. தோலுக்கு அடியில கொழுப்பே இல்லாத குழந்தைக்கு ஃபேன் காத்தே போதும், உடம்பு குளுந்தா அத சூடாக்குறதுக்கே இருக்குற சர்க்கரையும் ஆக்சிஜனும் செலவாகிடும், அப்புறம் மூச்சு தடுமாறும். இதுக்கு கங்காரு முறைன்னு ஒன்னு, குழந்தைய டயபரோட மட்டும் தாயோட நெஞ்சுல தோலோட தோலா நிமித்திக் கட்டி வச்சிக்கிறது. 1978ல கொலம்பியா நாட்டு பொகோட்டாவுல எட்கர் ரே சனாப்ரியான்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது, அங்க குழந்தைங்க கூட்டம் ஜாஸ்தி இன்குபேட்டர் கம்மி, அந்த நெருக்கடியில வந்த யோசனை. ரொம்ப காலம் குழந்தை கொஞ்சம் தேறின பிறகுதான் இத ஆரம்பிக்கணும்னு இருந்துச்சு. அப்புறம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியான்னு அஞ்சு நாட்டுல 1 கிலோவுலருந்து 1.8 கிலோவுக்குள்ள உள்ள 3,211 குழந்தைங்கள வச்சு பாத்தாங்க, பொறந்த உடனே ஆரம்பிச்ச குழந்தைங்கள்ல 28 நாளுக்குள்ள இறந்தது 12 சதவீதம், வழக்கப்படி தேறின பிறகு ஆரம்பிச்சதுல 15.7. இந்த ரிசல்ட் 2021ல வந்துச்சு. வித்தியாசம் சின்னதாத் தெரியும், நூத்துக்கு கிட்டத்தட்ட நாலு புள்ள. பெருசா எந்த மெஷினும் வாங்க வேணாம், தாய்க்கு பக்கத்துலயே ஒரு கட்டிலும் உதவிக்கு ஆளும் இருந்தா போதும், ஆனா அந்தக் கட்டில் கிடைக்கிறதுதான் நிறைய இடத்துல குதிரைக் கொம்பு. எங்க மாப்ள மொத நாள் சட்டையக் கழட்ட அவ்ளோ வெக்கப்பட்டாரு, அப்புறம் அவருகிட்ட இருந்து பாப்பாவ வாங்குறதே பெரும்பாடா போச்சு.

பாலு. 34 வாரம் வாக்குலதான் சப்பி, முழுங்கி, நடுவுல மூச்சு விடுறது மூணும் ஒத்துவரும், அதுவரைக்கும் பீச்சுன தாய்ப்பால டியூப் வழியா குடுப்பாங்க, அப்புறம் பாலாடைன்னு சொல்ற சங்கு மாதிரி சின்னக் கிண்ணம், அப்புறம்தான் மாரு. மொத வாரத்துல எடை இன்னும் குறையும், அதப் பாத்து "பாலு பத்தல, பவுடர் பாலு குடு"ன்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க. அது எல்லாக் குழந்தைக்கும் நடக்குறதுதான், நர்ஸ் சொல்றதக் கேளுங்க. இந்தக் குழந்தைங்களுக்கு குடல் அழுகிப்போற ஒரு வியாதி வரலாம், தாய்ப்பால்தான் அதுக்குப் பெரிய காப்பு, தனக்கு ஊறலன்னா பால் வங்கி இருக்குற ஆஸ்பத்திரியில வேற தாய் குடுத்த பால பதப்படுத்திக் குடுப்பாங்க. இதுக்கு நடுவுல சேனை வைக்கணும்னு சீனித்தண்ணியோட ஒரு பெரியம்மா வந்தாங்க, கழுதைப்பால் ஒரு சங்கு குடுத்தா மூச்சிரைப்பு வராதுன்னு இன்னொருத்தங்க. என் தங்கச்சி வாயே திறக்கல, வார்டு நர்ஸ் போட்ட சத்தத்துல ரெண்டு பேரும் மாடிப்படி வரைக்கும் போயிட்டாங்க.

உண்மையில பயம் ஆஸ்பத்திரியில இல்ல, டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான். அங்க கை கழுவாம யாரும் தொட முடியாது, வீட்ல கும்பலா வந்து கன்னத்தக் கிள்ளுவாங்க. குளிப்பாட்டி, எண்ணெய் ஊத்தி, மூக்குல காதுல ஊதி, சாம்பிராணி புகை போட்டு, இதெல்லாம் 3 கிலோ குழந்தையே கஷ்டப்பட்டுத்தான் தாங்கும். கிருமி தொத்துனா இந்தக் குழந்தைங்களுக்கு காய்ச்சல் கூட வராமப் போகலாம், பால் குடிக்கிறத நிப்பாட்டும், துவண்டு போகும், கால் ஜில்லுன்னு இருக்கும், மூச்சு நிமிஷத்துக்கு 60க்கு மேல போகும், நெஞ்சுக்கூடு உள்ள இழுக்கும். இதுல ஒன்னு இருந்தாலே ஓடணும். மகாராஷ்டிரா கட்சிரோலியில அபய் பங், ராணி பங்னு டாக்டர் தம்பதி இதத்தான் ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, 39 கிராமத்துல வீடு வீடாப் போய் எடை பாத்து, போர்வை சுத்தி, கிருமி தொத்துன அறிகுறி தெரிஞ்சா அங்கயே ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, அந்த ஊருங்கள்ல பச்சக்குழந்தை சாவு 62 சதவீதம் குறைஞ்சதா 1999ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. எங்களுக்கு அந்த வேலையச் செஞ்சது சைக்கிள்ல வர்ற நர்சம்மா.

பொண்ணுங்கறதால இன்னொன்னு சொல்லணும். இயற்கையா பாத்தா ஒரே எடையில பொறந்தா பொம்பளப் புள்ளதான் அதிகமா தாக்குப் புடிக்கும், டாக்டருங்களே சொல்லுவாங்க. ஆனா நம்ம நாட்டுல பச்சக்குழந்தை வார்டுல சேக்குற குழந்தைங்கள்ல பொண்ணுங்க கம்மி. ஏன்னு நான் விளக்கணுமா?

அதுக்கும் பின்னாடி போனா தாயோட உடம்புதான். ரத்தசோகை, பதினெட்டு வயசுக்குள்ள கல்யாணம், முத புள்ளைக்கு வயசு ஒன்னு ஆகுறதுக்குள்ள ரெண்டாவது, கவனிக்காத பிபி, வீட்டுக்குள்ள புகை. ரொம்ப சாப்பிட்டா புள்ள பெருசாகி பிரசவம் கஷ்டமாகிடும்னு மாசமா இருக்குறவ தட்டுல அளந்து போடுற மாமியாருங்க இன்னமும் இருக்காங்க, சத்து மாத்திரை குடிச்சா புள்ள கருப்பாப் பொறக்கும்னு குப்பையில போடுறவளுங்களும் இருக்காளுங்க. புள்ள சின்னதாப் பொறந்தப்புறம் ராசி சரியில்லன்னு ஜோசியர்கிட்டப் போறது இதே கூட்டம்தான்.

கடைசியா ஒன்னு. 2 கிலோவுக்குக் கீழயோ 34 வாரத்துக்கு முன்னாடியோ பொறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள்ள கண்ணு டாக்டர் விழித்திரைய பாக்கணும், ரத்தக் குழாய் தப்பா வளர்ந்தா பார்வையே போயிடும், நேரத்துல புடிச்சா லேசர்ல சரி பண்ணலாம். புள்ள நல்லா சிரிக்குதே, எதுக்கு அலையணும்னு தள்ளிப் போடாதீங்க, டிஸ்சார்ஜ் சீட்டுல அந்தத் தேதி எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லாட்டி கேட்டு எழுதி வாங்கிட்டு கிளம்புங்க.