ரீயூனியனில் சூழலியல் ஆசிரியர் பணி: தேர்வுக்குழு உண்மையில் எதைப் பார்க்கிறது?

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் முனைவர் பட்டம் முடித்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாமல் அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்குமா?" என்றுதான். கிடைக்கும். மேத்ர் தெ கோன்ஃபெரான்ஸ் என்ற நிரந்தரப் பணிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் அரசு ஊழியர்தான். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு பிரான்சின் ஒரு பகுதி, அதனால் பாரிசுக்கு உள்ள விதிதான் இங்கும்.

நான் காரைக்காலில் பிறந்தவள். இந்தத் தீவில் பரிணாம ஜீனோமிக்ஸ் கற்பிக்கிறேன், அதாவது உயிரினங்களின் முழு மரபணுத் தொகுதியை (ஜீனோம்) வைத்துப் பரிணாமத்தைப் படிக்கும் துறை. நேர்காணலில் மேசைக்கு இந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன், பிறகு குழு உறுப்பினராக அந்தப் பக்கமும். இரண்டையும் பார்த்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்று. நல்ல ஆய்வாளர்கள் பலர் வருகிறார்கள், அவர்களில் யார் இந்த ஊருக்கு, இந்த ஆய்வுக்கூடத்துக்கு, இந்த மாணவர்களுக்குத் தேவை என்பதைத்தான் குழு தேடுகிறது. விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கட்டம் தகுதிச் சான்று. சே.என்.யு என்ற தேசியக் குழு பாடப்பிரிவு வாரியாக இதை வழங்குகிறது. இனத்தொகை உயிரியலும் சூழலியலும் பிரிவு 67, உயிரினங்களின் உயிரியல் பிரிவு 68. உங்கள் ஆய்வு இரண்டையும் தொட்டால் இரண்டுக்குமே போடுங்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் படித்து அறிக்கை தருவார்கள். சான்று நான்கு ஆண்டு செல்லும். இந்தியப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தோடும் விண்ணப்பிக்கலாம், அதை இணையானது என்று ஏற்பது அந்தக் குழுவின் முடிவு. சான்றிதழ்களோடு பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். வேறு நாட்டில் ஏற்கெனவே இதற்கு இணையான நிரந்தர ஆசிரியராக இருப்பவருக்கு இந்தக் கட்டம் தேவையில்லை.

நம் பிள்ளைகள் இங்கே கோட்டைவிடுவது கட்டுரைகளில் இல்லை. கற்பித்த அனுபவத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த வகுப்பு, எத்தனை மணி, விரிவுரையா பயிற்சி வகுப்பா செய்முறையா, பாடத்தை நீங்களே அமைத்தீர்களா, இதெல்லாம் எழுதுங்கள். கற்பித்ததே இல்லை என்றால் அத்தேர் என்ற தற்காலிகப் பணிக்கு முயலுங்கள். முனைவர் பட்டம் முடிக்கும் தறுவாயிலேயே அதற்குப் போடலாம். கையில் சம்பளமும் வரும், ஆசிரியராக அனுபவமும் சேரும்.

அடுத்தது பணியிட அறிவிப்பு. ஒருங்கிணைந்த சுற்றில் வருபவை பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில் வெளியாகும், நேர்காணல் ஏப்ரல், மே வாக்கில், வேலையில் சேர்வது செப்டம்பர் 1. ஒவ்வொரு அறிவிப்பிலும் கற்பித்தலுக்கு ஒன்று, ஆய்வுக்கு ஒன்று என்று இரண்டு விவரக்குறிப்புகள் இருக்கும், தொடர்புகொள்ள ஆட்களும் குறிப்பிடப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கு எழுதுங்கள். இந்தியாவில் இப்படிக் கேட்பது சிபாரிசு தேடுவதுபோல் தோன்றும், அதனால் நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். இங்கே எழுதாதவரைத்தான் 'இவருக்கு உண்மையில் ஆர்வம் உண்டா?' என்று நினைப்பார்கள். தீவின் சேன்-பியேர் ஊரில் உள்ள பயிர்ப் பாதுகாப்பு மையத்தில் பல்கலைக்கழகமும் சிராத் என்ற பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஆய்வுப்பிரிவு இருக்கிறது. தலைநகரான சேன்-தெனியில் கடல்சார் ஆய்வுப்பிரிவு இருக்கிறது. இரண்டின் கேள்விகளும் வேறு, ஆட்களும் வேறு. ஒரே ஆய்வுத்திட்டத்தை இரண்டுக்கும் அனுப்பக் கூடாது.

ஆய்வுத்திட்டத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். தீவுகள் பரிணாமத்தின் இயற்கை ஆய்வகம் என்று தொடங்கும் திட்டங்கள் குவிகின்றன. அந்த வரியை அடித்துவிட்டு இந்தத் தீவைப் பற்றி எழுதுங்கள். ரீயூனியனின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் இங்குள்ள வெள்ளைக்கண்ணிப் பறவை தாழ்நிலத்தில் மூன்று நிற வடிவங்களாகவும் மேட்டுநிலத்தில் இன்னொன்றாகவும் பிரிந்திருக்கிறது. பறக்கத் தெரிந்த ஒரு பறவை இவ்வளவு சிறிய இடத்தில் எப்படிப் பிரிந்தது? ஜீனோம் முழுவதையும் ஒப்பிட்டபோது, வடிவங்களுக்கு இடையிலான வேறுபாடு பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில்தான் அதிகம் குவிந்திருந்தது. இங்குள்ள ஆங்கிரேக்கம் கதெத்தி என்ற ஆர்க்கிட்டுக்குச் சுவர்க்கோழி வகைப் பூச்சி ஒன்று மகரந்தம் சேர்க்கிறது, இது 2010இல் வெளியானது. மொரீஷியசில் 1937இல் சேகரித்த காய்ந்த எலுமிச்சை வகை இலையிலிருந்து, சொறிநோய்ப் பாக்டீரியாவின் பழைய ஜீனோமை இங்குள்ளவர்கள் மீட்டிருக்கிறார்கள். இப்படி ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்விகளைத் தெரிந்துகொண்டு, உங்கள் கேள்வி எங்கே ஒட்டுகிறது என்று காட்டினால் குழு நிமிர்ந்து உட்காரும்.

மாதிரி எடுக்கும் அனுமதியைப் பற்றி ஒரு பத்தியாவது வேண்டும். தீவின் 42 சதவீதம் 2007இல் உருவான தேசியப் பூங்காவின் மையப்பகுதி, 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதியும்கூட. அங்கே ஓர் இலை பறிக்கவும் அனுமதி தேவை. உயிரினங்களின் மரபணு வளங்களைப் பயன்படுத்துவதற்கு 2016ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் தனி நடைமுறை இருக்கிறது. இதையெல்லாம் கணக்கில் எடுத்து முதல் ஆண்டில் என்ன செய்ய முடியும் என்று எழுதியவர் மேல் எனக்கு உடனே நம்பிக்கை வரும்.

நேர்காணலுக்கு வருவோம். குழுவில் குறைந்தது பாதிப்பேர் வெளிப் பல்கலைக்கழகத்தவர், அவர்களில் பலர் 9,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காணொளியில் இருப்பார்கள். பேசக் கிடைப்பது பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம், பிறகு கேள்விகள். எல்லாம் பிரெஞ்சில். லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இது பெரிய பலம். மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும், பேச்சு மட்டுமல்ல, கரும்பலகை முன் நின்று விளக்கும் பிரெஞ்சு. கேள்விகளில் தவறாமல் வருபவை: நாளைக்கே எந்த முதலாண்டுப் பாடத்தை எடுப்பீர்கள்? இங்கே யாருடன் வேலை செய்வீர்கள்? பணம் எங்கிருந்து வரும்? முதல் கேள்விக்கு "எதை வேண்டுமானாலும்" என்று சொல்லிவிடாதீர்கள். பாடத்திட்டத்தைப் படித்து, பாடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

சில இடங்களில் மாதிரி வகுப்பும் உண்டு. நான் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டேன். இங்கே பல வீட்டு முற்றங்களில் அது நிற்கிறது. எலுமிச்சைக் குடும்பச் செடி, ஆரஞ்சு மரங்களுக்குப் பச்சையாதல் நோயைப் பரப்பும் சைலிட் என்ற சாறுறிஞ்சும் பூச்சி அதிலும் வாழும். அந்தப் பூச்சியைக் கட்டுப்படுத்த 1970களில் இந்தியாவிலிருந்து டமாரிக்ஸியா என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், நல்ல பலன் கிடைத்தது. சில பூச்சிகளோடு தொடங்கிய அந்தக் குளவிக் கூட்டத்தின் மரபணுப் பன்மை என்ன ஆகும்? சிலரிலிருந்து தொடங்கும் கூட்டத்தில் மரபணுப் பன்மை குறைவதை 'நிறுவனர் விளைவு' என்பார்கள், அதை இதிலிருந்து தொடங்கினால் முதலாண்டு மாணவருக்கும் புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாணவர் பட்டியலில் முத்துசாமி, இராமசாமி என்றெல்லாம் குடும்பப்பெயர்கள் பார்ப்பீர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல். சேன்-ஆந்த்ரேயில் காவடியும் தீமிதியும் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு நிறையும், ஆனால் "நானும் தமிழர், அதனால் இங்கே பொருந்துவேன்" என்று நேர்காணலில் சொல்வதில் பயனில்லை. குழு அதை எடைபோடாது, எடைபோடவும் கூடாது. கிரியோல் கற்கத் தொடங்கியிருந்தால் அதைச் சொல்லுங்கள், அது மாணவர்களுக்கு உதவும் விஷயம்.

நேர்காணல் முடிந்ததும் குழு தரவரிசை போடும், நீங்களும் உங்கள் விருப்ப வரிசையை இணையத்தில் பதிய வேண்டும். இரண்டாம் இடம் என்றால் மனம் விட வேண்டாம். முதல் இடத்தவர் வேறு ஊரைத் தேர்ந்தெடுத்து இடம் கைமாறுவது நடக்கிற காரியம்தான். சேர்ந்த பிறகு ஓராண்டு பயிற்சி நிலை. ஆண்டுக்குக் கற்பிக்க வேண்டியது பயிற்சி வகுப்புக் கணக்கில் 192 மணி, விரிவுரையின் ஒரு மணி அதில் ஒன்றரை மணியாகும். முதல் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்காக 32 மணி குறைக்கப்படும். அந்த நேரத்தைப் பயிற்சிக்கே வைத்துக்கொள்ளுங்கள், பூங்கா அனுமதிக் கோப்பையும் அந்த ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.