ரைடு சிம்பலில் தகிட: ஜாஸ் பழகி வீணாய்ப் போன எட்டு மாதம்

சர்ச் கொயர், கல்யாண வீட்டுக் கச்சேரி என்று பாளையங்கோட்டைப் பக்கம் டிரம்ஸ் வாசித்துப் பழகின கைக்கு ஜாஸ் லேசில் பிடிபடாது. எனக்கு எட்டு மாதம் வீண். ரைடு என்கிற பெரிய சிம்பலில் ‘டிங், டிங்-க-டிங்’ சரியாகத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் பதிவு பண்ணிக் கேட்டால் நொண்டிக் குதிரை.

கோளாறு அந்தச் சின்ன ‘க’வில். ஒரு பீட்டை மூன்றாகப் பிரித்தால் மூன்றாவது இடத்தில் அது விழ வேண்டும். கச்சேரி கை அதை நான்காகப் பிரித்து, ‘தகதிமி’யின் ‘மி’யில் போடுகிறது. மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் ஜாஸின் ஊஞ்சல் நடையான ஸ்விங் போய், பட்டாளத்து மார்ச் வந்துவிடும்.

தவில்காரர்கள் பேச்சுதான் வழி காட்டியது. வாயால் தகிட, தகிட, தகிட, தகிட என்று நான்கு பீட். ஒன்றிலும் மூன்றிலும் ‘த’ மட்டும் ரைடில்; இரண்டிலும் நான்கிலும் ‘த’வும் ‘ட’வும். இடது காலால் மிதிக்கிற ஜோடி சிம்பலான ஹை-ஹாட் இரண்டு, நான்கில். வாய் நின்றால் கையையும் நிறுத்திவிடுங்கள். இதை எல்லா வேகத்துக்கும் இழுக்காதீர்கள். வேகம் நிமிஷத்துக்கு 200 பீட்டைத் தாண்டினால் அந்த ‘ட’ தானாகச் சமமாகி நெகிழும். அங்கேயும் திஸ்ரத்தை, அதாவது அந்த மூன்று பிரிவை, பிடித்துத் தொங்கினால் முழங்கை இறுகிப்போகும்.

மெட்ரோனோமை 60-ல் வைத்து, அந்த டிக்கை இரண்டு, நான்கு என்று எடுத்தால் வேகம் 120. நாலே பாரில் (நாலு பீட் ஒரு பார்) காது ஏமாற்றி, டிக்கை ஒன்று, மூன்று ஆக்கிவிடும். முதலில் இடது காலை மட்டும் டிக்கோடு சேர்த்து எட்டுத் தடவை மிதித்துவிட்டு, அதன் பிறகு ரைடை நுழைத்தால் தப்பாது.

தவிலிலிருந்து எடுக்கக்கூடாதது அடி. கழி அழுத்தி விழுகிற அடி அது. சிம்பலில் போட்டால் ஓசை செத்துவிடும். ரைடில் குச்சி விழுந்ததும் தானே எழும்பட்டும், பிடி விரல்களில் மட்டும். 5ஏ அளவுக் குச்சியை விட்டு மெலிந்த 7ஏ-க்கு வந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. ஒரு கோயில் கொடையில், மகுடம் என்கிற தோல்கருவி அடிக்கிற பெரியவர் என் கையைப் பார்த்துவிட்டு, “எதுக்குடே இப்படி இறுக்குத?” என்றார். எட்டு மாதத்தில் எந்த வீடியோவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

இடது கையில்தான் இந்த ‘தகிட’ சொற்கட்டு முழுசாகக் கூலி கொடுத்தது. முன்னால் இருக்கிற ஸ்நேர் டிரம்மில் முதலில் எல்லா ‘ட’விலும் மெதுவாக ஒரு தட்டு, ஒரு வாரம். அடுத்து எல்லா ‘கி’யிலும். ‘கி’யில் ரைடு ஊமை, சாய்ந்துகொள்ள ஒன்றும் கிடையாது, இங்கே ரைடு தள்ளாடும், 70-க்கு இறங்கிவிடுங்கள். அது நின்றதும் அதே பன்னிரண்டு மாத்திரை மேல் ‘தகதிமி’யை மூன்று தடவை ஓட்டி, ஒவ்வொரு ‘த’விலும் ஸ்நேர்: முதல் பீட்டின் ‘த’, இரண்டாவதின் ‘கி’, மூன்றாவதின் ‘ட’. ஜாஸ் டிரம்மர் எல்வின் ஜோன்ஸ் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அந்தச் சுழற்சி உடனே தெரியும். நம் ஊர் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவனுக்கு இது புதுசே இல்லை.

வலது காலால் அடிக்கிற பேஸ் டிரம் நாலு பீட்டும் உண்டு, ஆனால் கேட்கக்கூடாது, உணரத்தான் வேண்டும். மிதித்தால் அடிக்கிற சுத்தி (பீட்டர்) தோலிலிருந்து இரண்டு விரற்கடைக்கு மேல் போகக்கூடாது. கச்சேரிக் காலுக்கு இது தண்டனை.

கடைசியாக பிரஷ், குச்சிக்குப் பதிலாகத் தோலில் தேய்க்கிற கம்பித் துடைப்பம். ஆர்டர் போட்டு, ஜங்ஷனுக்கு இரண்டு நடை அலைந்து வாங்கிவந்து தேய்த்தால் சத்தமே இல்லை. ஸ்நேரில் இருந்தது வழவழப்பான கண்ணாடித் தோல். பிரஷுக்குச் சொரசொரப்பான வெள்ளைப் பூச்சுத் தோல் வேண்டும். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 14 இஞ்ச் தோல் வந்து சேரும் வரை பழைய அட்டைப்பெட்டியின் மேல் தேய்த்தேன். இரவில் இப்போதும் அட்டைதான். பக்கத்து வீட்டு ஆச்சி திட்டுவதில்லை.