முந்திப் போகும் அடுப்பு

தைப்பூசப் பாதயாத்திரைக்கு நான் பதினோரு தடவை போயிருக்கிறேன். அதில் நடந்து போனது இரண்டே தடவை. மற்ற ஒன்பது தடவையும் லாரியில்தான் போனேன். அரிசி மூட்டைக்கும் அண்டாவுக்கும் நடுவில், விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு.

என் அப்பா சமையல்காரர். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் கல்யாணமா, அறுபதாம் கல்யாணமா, அப்பாவின் கரண்டி போகாத செட்டிநாட்டு வளவு வீடு குறைவு. தை பிறந்துவிட்டால் அவர் வேறு வேலை எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் சரி. குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் கிளம்பும் நடைபயணக் கூட்டம் ஒன்றுக்குச் சமைத்துப் போட அவர் வருடாவருடம் போவார். கூலி கிடையாது. 1990-இல், நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, எடுபிடி வேலைக்கு என்னையும் கூட்டிப் போனார். 1993-இல் மேல்நிலை முடித்த அணியில் படித்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். தை மாசத்தில் பத்து நாள் காணாமல் போய், விறகுப் புகை வாசத்தோடு வகுப்புக்குத் திரும்பி வருகிற பையன் நான்தான்.

நம் பள்ளிப் பழைய மாணவர்களின் இந்த மலரைப் படிக்கிற பிள்ளைகள் பலர் வெளிநாட்டிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் காவடிகள் தை மாதம் குன்றக்குடியில் சண்முகநாதர் மலையடிவாரத்தில் ஒன்றுகூடும். அங்கிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடை. காரைக்குடியிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 160 கிலோமீட்டர். தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கம் இது. ஒரு காலத்தில் நகரத்தார் மட்டும் நடந்த பாதையில் இன்று எல்லாச் சாதியாரும், தொண்டி தொடங்கிக் கடற்கரை ஊர்க்காரர்களும் நடக்கிறார்கள்.

நடக்கிறவர்கள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறும் முன் அடுத்த ஊர்த் தோப்பையோ மடத்தையோ பிடிக்க வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது சோறு வெந்திருக்க வேண்டும். ஆகவே சமையல்கட்டு ராத்திரிச் சாப்பாட்டைப் பரிமாறி, பாத்திரம் கழுவி, பதினொரு மணிக்கு மேல் லாரி ஏறும். போய் இறங்கியதும் இருட்டில் கல் தேடி அடுப்புக் கூட்டுவோம். சின்ன வெங்காயம் மட்டும் மூட்டைக் கணக்கில் உரிக்க வேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, அரிக்கேன் வெளிச்சத்தில் உரித்துக்கொண்டிருப்போம். தூரத்தில் முதல் அரோகரா கேட்கும்போது சாம்பார் இரண்டாவது கொதியில் இருந்தால், அப்பா முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

இரண்டாவது வருடம், 1991-இல், நான் ஒரு தப்புச் செய்தேன். சிங்கம்புணரி தாண்டி ஒரு தோப்பு. கிணற்றில் நீர் இறைத்து எட்டுப் பானைகளையும் நிரப்பி, ஓர் அண்டாவில் சுக்குத் தண்ணீர் போடுவது என் பொறுப்பு. விடிய இன்னும் நேரம் இருக்கிறதே என்று சாக்கின் மேல் சாய்ந்தேன். தூங்கிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து நடைக்கூட்டம் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருக்கிறது.

முதலில் வந்து சேர்ந்தது ஓர் ஆச்சி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் துளசி மாலை, முழங்கால் வரை புழுதி. என்னை எழுப்பியது அவர்தான்.

"அப்பு, ஒரு வாய்த் தண்ணி குடு."

எட்டுப் பானையும் காலி. நான் நின்ற நிலையைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, இறைச்சிட்டு வா. நான் இருக்கேன்" என்று மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கோபத்தின் நிழல்கூட அந்தக் குரலில் இல்லை. ஓடினேன். அவசரத்தில் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. சொம்பு நிறையக் கொண்டுவந்தபோது ஆச்சி உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. எழுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் சொம்பைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ! அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து, காலிப் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நிழலில் ஒதுங்கினார்கள்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தானே வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். ராத்திரி லாரியில் போகும்போதுதான் சொன்னார். "நடக்கிறவுக சாமியப் பாத்து நடக்கிறாக. நாம அவுக வர்றதுக்கு முந்தி அங்க இருக்கணும். நமக்கு அம்புட்டுத்தான் நேர்த்திக்கடன்."

அன்றிலிருந்து அந்த வேலை எனக்குக் கூலியில்லாத சிறுவன் வேலையாகத் தெரியவில்லை. என் காவடி அது.

பள்ளியில் விடுப்பு வாங்குவது பெரும்பாடு. திருப்புதல் தேர்வு நெருங்கும் காலம். பத்தாம் வகுப்பில் எங்கள் தமிழையா விடுப்புக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிபந்தனை வைத்தார். "போய்ட்டு வா. வரும்போது காலைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக்கிட்டு வா." நான் விழித்தேன். "கோயிலைப் பத்தி எல்லாரும் எழுதுவாங்க. நடந்தவங்க பாதத்தைப் பாத்து எழுது" என்றார்.

அதனால் பார்த்தேன். மத்தியானம் பந்தி முடிந்ததும் தோப்பு முழுக்கக் கால்களாகத்தான் கிடக்கும். வறண்ட கண்மாய்த் தரை மாதிரி வெடித்த குதிகால். மருதாணி அழியாத புதுப்பெண்ணின் கால், மெட்டி உராய்ந்து விரலிடுக்கு புண்ணாகியிருக்கும். நத்தம் ரோட்டில் பத்து மணிக்கு மேல் தார் சுட ஆரம்பித்துவிடும். சூடு பொறுக்காமல் ஓரத்து மண்ணுக்கு இறங்கினால் நெருஞ்சி முள் காத்திருக்கும். ஆகவே பாதத்தைப் பார்த்தே ஒருவர் சூட்டைத் தேர்ந்தெடுத்தாரா முள்ளைத் தேர்ந்தெடுத்தாரா என்று சொல்லிவிடலாம். கொப்புளத்துக்கு ஒரு பெரியவர் வைத்தியம் செய்வார். ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் ஒருபக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை அப்படியே உள்ளே விட்டுவிடுவார். நீர் நூல் வழியாகக் கசிந்து வடியும், தோல் கிழியாது. மறுநாள் நடக்கலாம். அவருக்கு விளக்கெண்ணெய்க் கிண்ணம் பிடித்தது நான். பெரிய வீட்டுச் செட்டியார் கால், அவர் வீட்டில் வேலை பார்த்தவர் கால், இரண்டும் அடுத்தடுத்து நீட்டியிருக்கும். விளக்கெண்ணெய் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்த ஒரு பக்கத்தை ஐயா வகுப்பில் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த செய்யுளுக்குப் போய்விட்டார். நோட்டில் மட்டும் சிவப்பு மையில் "கண் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அந்த நோட்டு இன்றும் என்னிடம் உண்டு.

1998-இல் சிங்கப்பூருக்கு வந்தேன், கப்பல் பட்டறை வேலைக்கு. வந்த முதல் தைப்பூசம் அடுத்த ஆண்டு. இங்கே அன்றைக்கு அரசு விடுமுறை இல்லை, 1968-இலேயே அது நின்றுபோயிற்று. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போனேன். 1859-இல் நம் பக்கத்துச் செட்டியார்கள் கட்டிய கோயில். இன்றும் பேச்சுவழக்கில் அது 'செட்டியார் கோயில்'தான். பூசத்துக்கு முதல் நாள் செட்டிப் பூசம். அன்று வெள்ளி ரதம் கியோங் சைக் சாலையில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்பும். மறுநாள் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் புறப்படும். நாலு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் தூரம். "இதுவா பாதயாத்திரை?" என்று அந்த வயதில் நினைத்தேன். நினைத்தது தவறு. அலகுக் காவடி சுமந்து, வேலிக்குள் வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்கிறவருக்கு அந்தத் தூரம் பழனிக்குக் குறைந்ததில்லை. பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தபோதுதான் அது விளங்கியது.

அந்த ஆண்டே தொண்டூழியர் பட்டியலில் பெயர் கொடுத்தேன். அன்னதானக்கூடத்தில் வெங்காயம் உரிப்பேன் என்று நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே வேலைதான். பொறியாளர், வங்கி மேலாளர், கட்டுமானத் தொழிலாளி, சீனர் ஒருவர்கூட, ராத்திரி ஒரு மணிக்கு ஒரே பாயில் உட்கார்ந்து உரிக்கிறோம். 2021-இலும் 2022-இலும் கொரோனாவால் ஊர்வலம் இல்லை. முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் கோயிலுக்குள் வந்து பால்குடம் செலுத்திவிட்டுப் போனார்கள். 2023-இல் ஊர்வலம் திரும்பியபோது, முதல் காவடி கோபுர வாசலில் நுழைந்த சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எல்லாரும் ஒரு கணம் கையை நிறுத்தினோம்.

அதற்கு முன், 2020-இல், தொழிலாளர் விடுதிகளை மூடிவைத்திருந்த மாதங்களில் தொலைபேசியில் தமிழ் பேசுவதற்கு ஆள் கேட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட விடுதியில் இருந்தவன். சேர்ந்தேன். அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிற பையன்களுடன் பேசுவது, மருத்துவர் சொன்னதைத் தமிழில் சொல்வது, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்பது. இவ்வளவுதான். ஒரு தம்பி மூன்று நாள் பிடிகொடுக்காமல், 'உம்' மட்டும் கொட்டினான். நாலாவது நாள் எந்த ஊர் என்று கேட்டேன். நத்தம் பக்கம் என்றான். எனக்கு அந்த ஊரின் மாந்தோப்பு மட்டும்தான் தெரியும் என்று சொல்லி, அடுப்புக் கூட்டின கதையைச் சொன்னேன்.

"அண்ணே, அந்தப் பந்தியில நான் சாப்பிட்டிருக்கேன். சின்னப் பிள்ளையா இருக்கையில வருஷா வருஷம் தட்டோட போய் நிப்போம்ண்ணே" என்றான். அதற்குப் பிறகு அவனாகவே பேசினான். அம்மாவைப் பற்றி, கடனைப் பற்றி, மூச்சு வாங்குகிற பயத்தைப் பற்றி.

2016-இல் அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனேன். கோதௌலியாவில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம். 1813-இல் ஏற்பட்டது. ரயில் இந்தியாவுக்கு வருவதற்கு நாற்பது ஆண்டு முன்னால். வண்டியிலும் நடையிலுமாக மாதக்கணக்கில் போய்ச் சேர்ந்தவர்கள், தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இலையும் கூரையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்கு நாள்தோறும் பொருள்கள் போகும். 'சம்போ' என்பார்கள். பாலும் பூவும் சந்தனமும் சுமந்து, "சம்போ, சம்போ" என்று குரல் கொடுத்துக்கொண்டு அந்த நெருக்கடிச் சந்தில் போவார்கள், கூட்டம் விலகி வழிவிடும். அம்மா அவர்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "ஒங்கப்பா இருந்திருந்தா அடுப்படிய எட்டிப் பாத்திருப்பாக" என்றார். எட்டிப் பார்த்தேன். அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, எதற்கு வந்தேன் என்று கேட்காமலேயே ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

நம் ஊரைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. பெரிய வீடுகளைப் பற்றி அல்ல, அவை பாதி பூட்டிக் கிடக்கின்றன. வியாபாரத்தில் வரும் லாபத்தில் சாமிக்கென்று மகமை எடுத்து வைத்த பழக்கமும், மழை வரும் முன் வெட்டிய ஊருணிகளும், ஆள் வரும் முன் கட்டிய சத்திரங்களும்தான் அந்தப் பெருமை. காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வுக்கூடம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1953-இல் திறந்தது. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் சமையல்காரர் மகனான நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம்.

நான் நடந்த இரண்டு யாத்திரைகளில் முதலாவது 2009, அப்பா காலமான மறு ஆண்டு. இரண்டாவது, வேலையிலிருந்து ஓய்வு வாங்கிய பிறகு 2025. இந்தத் தடவை திரும்பி வரும் நடையும் நடந்தேன். பலருக்குத் தெரியாது, நகரத்தார் காவடி பழனியில் செலுத்தியதும் முடிந்துவிடுவதில்லை, நடந்தே ஊர் திரும்பும். போகும்போது வழியெல்லாம் பந்தல், பானகம், ஒலிபெருக்கி. வரும்போது கூட்டமெல்லாம் பஸ் ஏறிப் போயிருக்கும். காவடிக்காரர்களும் எங்களைப் போல் கொஞ்சம் பேரும் மட்டும் நடப்போம். பந்தல் பிரித்த மூங்கில் குழிகள் சாலையோரம் வரிசையாகத் தெரியும். பேச்சு தானாகக் குறைந்துவிடும். அந்த அமைதியில்தான் முதல் தடவையாக முருகனிடம் எதுவும் கேட்காமல் நடந்தேன் என்று நினைக்கிறேன்.

குன்றக்குடி வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் ஊருணிக் கரையில் அண்டா கழுவினோம். புளியும் சாம்பலும் போட்டு உள்பக்கம் பளபளவென்று ஆக்கிவிட்டோம். என்னோடு தேய்த்துக்கொண்டிருந்த பையன், பதினொன்றாம் வகுப்பு, வெளிக்கரியையும் சுரண்ட ஆரம்பித்தான். அது வேண்டாம் தம்பி, இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டான். கரி பிடித்த அண்டா சீக்கிரம் சூடேறும், அடுத்த வருஷம் அரை மணி மிச்சமாகும் என்று அப்பா சொன்னதைச் சொன்னேன். அவன் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த வருஷம் லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டான்.