மணியத்தின் உள்ளங்கால்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொன்றரை போல மின்சாரம் நின்றது. எங்கள் கட்டடத்துக்கு மட்டும்தான் என்று நினைத்தால், நாடு முழுக்கவாம். பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்துவிட்டது என்று பிறகு செய்தி வந்தது. வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி, காற்றாடி இல்லை. எங்கள் கிளி மணியம் வாயைப் பிளந்து மூச்சு வாங்கத் தொடங்கினான். கூட்டோடு தூக்கிப் பல்கனிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே வெளிச்சத்தைக் கண்டதும் கம்பியைப் பிடித்து ஏறினான். உள்ளங்கால் இரண்டும் என் முகத்துக்கு நேரே வந்தன. கிளியின் உள்ளங்கால் பாகற்காய்த் தோல் மாதிரிச் சின்னச் சின்ன முகடுகளோடு இருக்க வேண்டும். இவனுடையது மெழுகு பூசியதுபோல் வழுவழுவென்று, இளஞ்சிவப்பாக மினுங்கியது. வலது காலில் மிளகளவில் ஒரு கறுப்புப் பொருக்கு.

எத்தனை மாதமாக இது இருக்கிறது? எனக்குத் தெரியாது. மின்விளக்கில் ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. மேலிருந்து பார்த்தால் நகமும் சாம்பல் நிறத் தோலும்தான் தெரியும். ஒரு குரங்குக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

பெப்ரவரி 11

தெரியாதவர்களுக்கு: மணியம் ஓர் ஆபிரிக்கச் சாம்பல் கிளி. வயது 19. பண்ணையில் பிறந்தவன், காட்டைக் கண்டதில்லை. பெரியப்பா 2011இல் ரொறன்ரோவுக்குப் போனபோது எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். காலையில் குக்கர் விசில், மாலையில் காலி வீதி பஸ் கொண்டக்டர்: "தெஹிவளை, கல்கிசை, மொரட்டுவ!" இடையில் அம்மாவின் குரலிலேயே "பிள்ளை, தேத்தண்ணி".

இன்று பக்கத்தில் ஓர் இடத்தில் காட்டினேன். நாய் பூனை பார்க்கும் இடம். பூஞ்சணம் என்று சொல்லி எண்ணெய்ப் பசையான ஒரு களிம்பு தந்தார்கள். வீட்டுக்கு வந்து பூசினேன். அரை மணித்தியாலத்தில் அது காலிலிருந்து அலகுக்கும் அலகிலிருந்து நெஞ்சுச் சிறகுக்கும் போய், ஆள் எண்ணெயில் விழுந்த வடை மாதிரி ஆனான். இனி அந்தக் களிம்பு வேண்டாம்.

பெப்ரவரி 15, சனி

இன்றைக்குத்தான் பறவை பார்க்கத் தெரிந்த டொக்டர் கிடைத்தார். பேராதனையில் படித்தவர். என் அரைகுறைச் சிங்களத்தையும் பொறுத்துக்கொண்டார்.

துவாயில் சுற்றிப் பிடித்து உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அப்புறம் அலகைத் திறந்து வாய்க்குள் வெளிச்சம் அடித்தார். அம்மா என் காதில், "காலில வருத்தம், வாயை ஏன் பாக்கிறா?" என்றார். அண்ணத்தின் பிளவு ஓரத்தில் சின்ன முள் முள்ளாக இருக்க வேண்டுமாம். மணியத்துக்கு அவை மழுங்கிவிட்டன. விற்றமின் ஏ போதாமல் இருந்தால் அப்படித்தான் ஆகுமாம். உள்ளங்கால் தோலும் அதே காரணத்தால் காய்ந்து வலுவிழக்கும். அதன்மேல் முழு உடம்புப் பாரமும் ஒரே இடத்தில் நாள் முழுக்க அழுத்தினால் தோல் தேயும், வெடிக்கும், கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் நம் தோலிலும் மூக்கிலும் சும்மா இருக்கிற ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் தானாம் அது. விட்டால் தசைநாருக்கும் எலும்புக்கும் இறங்கும்.

ஆங்கிலத்தில் இதற்குப் பம்பிள்ஃபுட் என்று விளையாட்டுப் பெயர். அம்மா "கால் ஆணி" என்று முடித்துவிட்டார். கால் ஆணி வேறுதான், ஆனாலும் அழுத்தத்தால் வருவது என்பதில் அம்மா பிழையில்லை.

"என்ன சாப்பிடுவார்?" சூரியகாந்தி விதை, கச்சான்.

"எதில் நிற்பார்?" ஒரு தடியில்.

"எவ்வளவு காலமாக?" நான் பதில் சொல்லவில்லை.

தராசில் 538 கிராம். இந்தச் சாதிக்கு நானூற்றுச் சொச்சம் போதும். இடது காலால் சாப்பாட்டைப் பிடித்து வலது காலில் நிற்கிற பழக்கம் இவனுக்கு. அதனால்தான் வலது கால் மோசம். ஒரு கால் நொந்தால் பாரம் மற்றதில் விழும், பிறகு அதுவும் போகும், ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும் என்றார்.

கட்டாந்தரையில் நிற்கிற பூநாரைகளுக்கும், நீந்தாமல் நின்றுகொண்டே இருக்கிற பென்குயின்களுக்கும் உலகம் முழுக்க விலங்குத் தோட்டங்களில் இதே தொல்லை இருக்கிறதாம். காப்பாற்றுவதற்கென்று கூட்டில் வளர்க்கிற அருமையான பறவைகள் காலில் புண் வந்து சாகின்றன. காட்டில் இது அபூர்வமாகத்தான் வரும் என்றும் சொன்னார்.

பெப்ரவரி 16

நித்திரை வரவில்லை. சாம்பல் கிளியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 2016இல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கானாவில் 1990களின் தொடக்கத்தில் இருந்ததில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. காடு வெட்டியதும், எங்களைப் போன்ற வீடுகளுக்காகப் பிடித்ததும் காரணம். அந்த இனத்தில் ஒருவனைத்தான் பதினான்கு வருடம் ஒரே தடியில் நிற்க வைத்திருக்கிறேன்.

அந்தத் தடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா மொரட்டுவையில் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்வித்தது. தேக்கு. கடைசல் பிடித்து, பொலிஷ் போட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நூல் வித்தியாசம் இல்லாத உருளை. வீட்டுக்கு வருகிறவர்கள் கிளியைப் பார்த்துவிட்டுத் தடியைத்தான் மெச்சுவார்கள். அந்த வடிவுதான் வினை. எந்த இடத்தில் நின்றாலும் உள்ளங்காலின் அதே புள்ளிதான் பாரத்தைத் தாங்கும்.

பெரியப்பாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2022இல் புறக்கோட்டையில் ஒரு கடையில், நகம் தானாகத் தேயும் என்று சொன்னதை நம்பி, சேண்ட்பேப்பர் உறை வாங்கித் தடிக்குப் போட்டது நான்தான். நகம் தேயவில்லை. தேய்ந்தது வேறு.

தெஹிவளையில் சித்தி வீட்டு வளவில் கொய்யா நிற்கிறது. ஓட்டோவில் போய் ஆறு கிளை வெட்டி வந்தேன். மருந்தடிக்காத மரம். பெருவிரல் மொத்தத்தில் ஒன்று, மணிக்கட்டு மொத்தத்தில் ஒன்று, நடுவில் முடிச்சும் வளைவுமாக நாலு. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி மொட்டைமாடியில் காய வைத்தேன். ஓட்டோக்காரர் "தங்கச்சி, விறகுக்கா?" என்று கேட்டார். காஸ் தட்டுப்பாட்டுக் காலம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை போல.

பெப்ரவரி 19

கூட்டுக்குள் கிளைகளைச் சாய்வாகவும் மட்டமாகவும் கட்டினேன். மூலையில் துவாய் சுற்றிய தட்டைப் பலகை, கால் ஆற. முதல் நாள் மணியம் அவை ஒன்றையும் தொடவில்லை. கம்பியில் தொங்கிக்கொண்டு என்னைத் திட்டினான். திட்டு அம்மாவுடையது.

சாப்பாடு அதைவிடப் பெரிய சண்டை. விதையைப் பாதியாக்கி, அவித்த வத்தாளங்கிழங்கு, கரட், பூசணி, முருங்கையிலை. எல்லாம் சுவரில் கிடக்கிறது. காட்டில் இவன் இனம் விரும்பித் தின்பது முள்ளுத்தேங்காய், அதாவது பாம் எண்ணெய் எடுக்கிற மரத்தின் பழமாம், அதில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்து நிறைய. இங்கே 2021இல் அதைப் புதிதாக நடக்கூடாது என்று தடைபோட்டார்கள். சரி, கிழங்குதான் கதி. மாடி அன்ரி சத்தென்று சொல்லி பட்டர் புரூட் கொண்டுவந்தார். கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். கிளிக்கு அது நஞ்சு.

பெப்ரவரி 22, சனி

கட்டுப் போட்டார்கள். நடுவில் ஓட்டை வைத்த மெத்தை, உளுந்து வடை அச்சு. பொருக்கு அந்த ஓட்டைக்குள் வரும், பாரம் சுற்றுவட்டத்தில் விழும். மேலே ஒட்டுகிற பண்டேஜ். வீட்டுக்கு வந்து நான் கைகழுவி முடிக்கும் முன் வலது காலினதை அவிழ்த்துக் கூட்டுக்கு வெளியே போட்டுவிட்டு, "மொரட்டுவ!" என்றான்.

பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. அம்மா கண்விழிக்கிறேன் என்று மணியத்தின் கூட்டுப் பக்கம் கதிரை போட்டுத் தேவாரம் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு என்னை எழுப்பினார். "பிள்ளை, இவன் நித்திரை கொள்ளேல்ல. வலது காலை வைக்கிறான், எடுக்கிறான். வைக்கிறான், எடுக்கிறான்." கிளி ஒரு காலைச் சிறகுக்குள் இழுத்து வைத்துத்தான் உறங்கும். இவன் நடுச்சாமத்தில் சுடுமணலில் நிற்கிறவன் மாதிரி மாறி மாறி நின்றான். பகலில் பாட்டும் பகிடியுமாக இருந்ததில் நாங்கள் ஏமாந்துவிட்டோம். இரை ஆகிற உயிர் நோவைக் காட்டிக்கொள்ளாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் தொலைபேசியில் கேட்டு, நோவுக்கு மெலொக்சிகாம் அளவு மாற்றினோம்.

மார்ச் 8, சனி

சத்திரசிகிச்சை. எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருக்கிறது. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஐசோஃபுளூரேன் வாயு கொடுத்து மயக்கினார்கள். சின்ன முகமூடிக்குள் அலகு.

பொருக்கை எடுத்ததும் சீழ் வழியும் என்று நினைத்தேன். வழியவில்லை. பறவைக்குச் சீழ் மனிதருடையதுபோல் நீராக இராது, சீஸ் மாதிரிக் கட்டியாகும். அதனால் தானாக வடியாது, கத்தியால் கீறிப் பிதுக்கினாலும் வராது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். டொக்டர் எடுத்து வைத்தது ஒரு பச்சரிசி மணியளவு, மஞ்சள். இவ்வளவுக்குத்தானா இத்தனை நோவு என்று தோன்றியது. அவன் உள்ளங்காலே என் சுண்டுவிரல் நுனியளவுதான்.

கிருமிப் பரிசோதனைக்குப் பஞ்சில் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நுண்ணுயிர்க்கொல்லி, காலை மாலை.

மார்ச் 13

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை இல்லை, வேலை இல்லை. முருங்கையிலை தின்றான். ஐந்து இலை. எண்ணினேன்.

மார்ச் 21

முடிவு: டொக்டர் சொன்ன அதே ஸ்டெஃபிலோகொக்கஸ். கொடுக்கிற மருந்து அதற்குச் சரியாம், தொடர வேண்டும். எடை 511. இடது உள்ளங்காலில் முகடுகள் திரும்ப எழும்புகின்றன, டோர்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் தெரிகிறது. வலதில் புதுத்தோல், இன்னும் பளபளப்பு. இன்னொரு மாதம் எடுக்கலாம், திரும்பவும் வரலாம்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் பெரியப்பா வீடியோவில் வந்தார். அங்கே இன்னும் சனி இரவு. மணியம் கொய்யாக் கிளையின் முடிச்சில், இடது காலை மடித்து வயிற்றுச் சிறகுக்குள் வைத்து, வலது காலில் நின்றபடி அரைக்கண் மூடியிருந்தான். நான் காமராவை அவன் பக்கம் திருப்பி அப்படியே பிடித்தேன். பெரியப்பாவுக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரிந்திராது.

"நல்லா இருக்கிறான் போல."

"ஓம், பெரியப்பா."

"என்ன, கூட்டுக்குள்ள காட்டை வளர்த்திருக்கிறாய்? அந்தத் தேக்கந்தடி எங்க? பழுதாப்போச்சோ?"

"இல்லை, நல்லா இருக்கு."

"இருக்கும். அவர் நல்ல தச்சர். வைச்சிரு, ஆயுசுக்கும் இருக்கும்."

வைத்திருக்கிறேன். குளியலறை யன்னலுக்குக் குறுக்கே போட்டாயிற்று. அம்மாவின் துவாய் அதில் சுருக்கமில்லாமல் காய்கிறது.