எஸ்.டபிள்யூ.ஆர். 1 காட்டினால் சந்தேகப்படுங்கள்: மொட்டை மாடியில் 20 மீட்டர் வெர்டிகல்

ஹாம் (அமெச்சூர்) வானொலியின் 20 மீட்டர் அலைவரிசைக்கு, அதாவது 14 மெகாஹெர்ட்ஸுக்கு, செங்குத்தாக நிறுத்தும் ஆன்டெனாதான் வெர்டிகல். அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண் எஸ்.டபிள்யூ.ஆர்.; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. வெர்டிகலில் நிற்கிற அலுமினியக் குழாய் பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி அதன் காலடியில் விரியும் ரேடியல் கம்பிகள். பலர் கஞ்சம் பிடிப்பது அங்கேதான்.

71.5ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.15க்கு 5.05 மீட்டர். குழாயும் நான்கு ரேடியல்களும் இதே அளவு. ரேடியலுக்கு வீட்டு வயரிங் கம்பியே போதும். ஆனால் பி.வி.சி. உறை இருப்பதால் கடைசியில் சில சதவீதம் குறைக்க வேண்டிவரும், எடுத்தவுடன் வெட்டிவிடாதீர்கள்.

இடம் போதாது என்று தயங்க வேண்டாம். 25க்கு 30 அடி மாடியில் நடுவிலிருந்து மூலைக்கு 19½ அடி. ரேடியல் 16½ அடிதான். நான்கையும் மூலை நோக்கி இழுங்கள்.

தட்டோடு பதித்த தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் கொட்டி, 3 மீட்டர் ஜி.ஐ. பைப்பை நட்டு, மூன்று பக்கமும் கயிறு கட்டுங்கள். குழாய்க்கும் தனியே, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் பாலியெஸ்டர் கயிறு. இரும்புக் கம்பி வேண்டாம். பைப்புக்கும் குழாய்க்கும் நடுவே மின்காப்பாகத் தடித்த பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகை அருமையாக உழைக்கும். அலுமினியத்தில் செம்பு நேரடியாகப் பட்டால் அரிக்கும், கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக. இடையில் எஸ்.எஸ். வாஷர் கட்டாயம்.

ரேடியல் முனைகளை ஆள் உயரத்துக்கு மேலேயே கட்டுங்கள். ஒலிபரப்பும்போது தொட்டால் தோல் வெந்துவிடும்.

இப்போது மீட்டர். ரேடியல்கள் கிடைமட்டமாக இருந்தால் மின்தடை 36 ஓம் அளவில், எஸ்.டபிள்யூ.ஆர். 1.4. கீழே சாய்த்தால் மின்தடை, கேபிளுக்குப் பொருந்தும் 50 ஓமை நோக்கி ஏறும். ஆனால் இரண்டு மூன்று கம்பியைத் தளத்திலேயே போட்டுவிட்டு 1.0 வந்தால் மகிழாதீர்கள். 36 ஓமோடு 14 ஓம் இழப்பு சேர்ந்து 50 ஆகியிருக்கலாம். அப்படியானால் 100 வாட்டில் 28 வாட் தளத்தைச் சூடாக்கத்தான் போகிறது. தளத்தில்தான் போட முடியும் என்றால் 16 கம்பியாவது போடுங்கள். கம்பி கூடக்கூட எஸ்.டபிள்யூ.ஆர். 1.4ஐ நோக்கி ஏறினால் அது நல்ல செய்தி.

எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவாக இருக்கும் அதிர்வெண், வேண்டியதிலிருந்து தள்ளி நின்றால், இப்போதைய நீளத்தை இப்போதைய அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுங்கள்.

கேபிளைத் தொட்டால் மீட்டர் அசைகிறதா? கேபிளின் வெளிப்புறக் கம்பிப் பின்னலே ஐந்தாவது ரேடியலாகிவிட்டது. எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் இரைச்சலெல்லாம் அந்த வழியாகத்தான் வரும். எஃப்.டி.240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்.ஜி.-58 கேபிளை 10 முதல் 12 சுற்று சுற்றி ஆன்டெனா அடியில் வையுங்கள்.

மின்கம்பி, ஆன்டெனா எப்படிச் சாய்ந்தாலும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். பைப்புக்குத் தனி எர்த் குழி. அதை வீட்டு எர்த்தோடு இணைத்துவிடுங்கள். இடி கேட்கும் முன்பே, வானம் இருட்டும்போதே கேபிளைக் கழற்றுங்கள்.

கேபிள் முனையில் மாட்டும் பி.எல்.-259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். நிறுவிய அன்றே 14.0, 14.175, 14.35 மூன்றிலும் எஸ்.டபிள்யூ.ஆர். குறித்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி அளந்து, மூன்றும் ஒருசேரக் குறைந்திருந்தால் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி இழப்பு கூடியிருக்கலாம். அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள்.