23ஆம் ஸ்லைடு

ஆய்வு மாநாட்டு மேடை. ‘இன்னும் 2 நிமிடம்’ என்று அமர்வுத் தலைவர் சீட்டை நீட்டுகிறார். கட்டுரை வாசிக்கும் ஆய்வு மாணவர் அப்போதுதான் முந்தைய ஆய்வுகளைச் சொல்லி முடித்திருக்கிறார்.

ஆவணக்காப்பகத்தில் அவரே தேடியெடுத்த கடிதம்? 23ஆம் ஸ்லைடில். யாரும் பார்க்கவில்லை.

இரட்டை இடைவெளியில் அச்சிட்ட ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்க ஏறத்தாழ 2 நிமிடம். 15 நிமிடம் என்றால் 7 பக்கம். ஆய்வேட்டு அத்தியாயத்தை அப்படியே தூக்கி வந்தால் தேறாது.

ஆய்வுக் கேள்வியும் முடிவும் முதல் நிமிடத்திலேயே. பிறகு அந்தக் கடிதம்.

முழுப் பக்கப் படம் கடைசி வரிசைக்கு எறும்பு ஊர்வதுபோல்தான் தெரியும். வேண்டிய 3 வரியை வெட்டிப் பெரிதாக்கி, பக்கத்தில் தட்டச்சு வடிவம், கீழே கோப்பு எண், தேதி. (கோப்பு எண் இல்லையா? முதல் கேள்வியே அதுதான்.)

இரண்டாவது கேள்வி பெரும்பாலும், “ஒரே கடிதத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா?” அதற்கான பதிலை 4 வரியில் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.